கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்டீம்போட்

இந்த முறை கிறிஸ்துமஸ் விருந்து எங்கள் வீட்டில்தான் என்று சொன்னபோது, தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் நாத்தனார் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார். அவர் என் கணவருக்கு அக்கா, கிள்ளானில் இருக்கிறார். எனக்குத் திருமணமான நாளிலிருந்து கிறிஸ்துமஸ் என்றால் கிள்ளான்தான். காலைப் பூசை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் கிளம்பிவிடுவோம். அங்கே வாசலில் ஷாமியானா போட்டிருக்கும். பக்கத்து வீட்டு மலாய்க்காரர், எதிர்வீட்டுச் சீனர், தேவாலயத்து ஆட்கள், அக்காவின் பழைய தோழிகள் என்று மதியம் தொடங்கி இருட்டும் வரை வந்துகொண்டே இருப்பார்கள். ஆட்டிறைச்சிப் பிரட்டலும் பிரியாணியும் தீரத் தீர வரும்.

"ஒங்க ஃப்ளாட்ல எடம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"எட்டுப் பேர்தான்க்கா. உக்காந்துக்கலாம்."

"எட்டுப் பேரா? இங்க நாப்பது பேரு வருவாங்க."

"அதனாலதான்க்கா."

அவருக்குப் புரிந்தது. "மதியம் இங்க வர்றவங்களுக்குப் போட்டுட்டு, ராத்திரிக்கு அங்க வரோம்லா" என்றார். பிறகு, "என்ன சமைக்கப் போற?" என்று கேட்டார். "ஸ்டீம்போட்" என்றேன். இந்த முறை தொலைக்காட்சியையே அணைத்துவிட்டார்.

ஏன் எட்டுப் பேர், ஏன் ஸ்டீம்போட் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் என் மகள் அம்பாங்கில் தோழி வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தாள். சமிக்ஞை விளக்குச் சந்திப்பில் ஒரு கார் பார்க்காமல் திரும்பியது. அவளுக்கு இருபத்து மூன்று வயது. தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. தகடு வைத்தார்கள், பற்களைக் கம்பியால் கட்டினார்கள், வாரக்கணக்கில் உறிஞ்சுகுழாயில் குடித்தாள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது. ஆனால் கீழுதட்டிலிருந்து மோவாய் வரை உணர்ச்சி இல்லை. அங்கே சோறு ஒட்டியிருந்தால் அவளுக்குத் தெரியாது. குழம்பு வழிந்தால் அது சட்டையில் விழுந்த பிறகுதான் தெரியும். நான் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள். அறுந்த நரம்பு எவ்வளவு மெதுவாக வளரும் என்பதை ஒவ்வோர் ஆண்டும் வெண்பலகையில் படம் வரைந்து விளக்குகிறேன். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னபோது, அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்வதென்றால், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இன்னமும் எழுந்து நின்றுகொண்டுதான் எடுக்கிறேன். வகுப்பில் பாடம் நடத்தும்போது வெளியே ஆம்புலன்ஸ் போனால் வாக்கியம் நடுவில் நின்றுவிடும். மாணவர்கள் பழகிவிட்டார்கள், காத்திருப்பார்கள்.

மகள் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், அலுவலகத்து நண்பர்கள் அவளை வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள். எல்லோரும் அன்பாக இருந்தார்கள், சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். அலுவலகம் திரும்பிக் கழிவறைக் கண்ணாடியில் பார்த்தபோது, உதட்டிலிருந்து மோவாய் வரை இரசம் கோடு இழுத்துக் காய்ந்திருந்தது. அத்தனை நேரமும் எதிரில் இருந்த ஒருவர்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் யார் முன்னாலும் சாப்பிடவில்லை. எங்கள் முன்னாலும்தான். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அலுவலகத்தில், மாடிப்படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறாளாம். ஒரு நாள் கோபத்தில் அவளே சொன்னதால்தான் எனக்குத் தெரியும்.

நவம்பரில், "கிறிஸ்துமஸுக்கு நீங்களும் அப்பாவும் போய்ட்டு வாங்க. எனக்கு ஃப்ரிட்ஜ்ல கஞ்சி இருந்தா போதும்" என்றாள்.

அன்று இரவே தீர்மானித்துவிட்டேன். அவள் கிள்ளானுக்கு வரவில்லை என்றால் கிறிஸ்துமஸ் இங்கே வரும். அவள் எங்களோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கொஞ்சம் சாப்பிட்டால் போதும். ஆனால் மனிதர்களோடு சாப்பிட வேண்டும். இந்த ஆண்டு தள்ளிப்போனால் அடுத்த ஆண்டும் தள்ளிப்போகும், பிறகு அதுவே அவள் வழக்கமாகிவிடும் என்ற பயம் எனக்கு.

ஸ்டீம்போட் யோசனை பள்ளியில் வந்தது. மாற்றலாகிப் போகும் ஓர் ஆசிரியைக்கு விடைகொடுக்க நாங்கள் ஸ்டீம்போட் கடைக்குப் போயிருந்தோம். மேசை நடுவில் சூப்பு கொதிக்கிறது. மீன் உருண்டை, தாவ்ஃபூ எனும் சோயாக் கட்டி, கீரை எல்லாவற்றையும் அவரவர் போட்டு, வெந்ததும் அவரவர் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் மெத்தென்று இருக்கும் பண்டங்கள். அவசரமாக யாரும் சாப்பிட முடியாது, வேகும் வரை காத்திருக்க வேண்டும். ஆவியில் எல்லோருக்கும் மூக்கு ஒழுகுகிறது, கண்ணாடி மங்குகிறது. ஆளுக்கு ஒரு கை திசுத்தாளில்தான் இருந்தது. துணைத் தலைமையாசிரியர்கூட வாயைத் துடைத்துத் துடைத்துத்தான் சாப்பிட்டார். அந்த மேசையில் யார் முகமும் சுத்தமாக இல்லை. என் மகள் அங்கே உட்கார்ந்திருந்தால் வித்தியாசமே தெரியாது என்று தோன்றியது.

அதன்பின் நான் திட்டம் போட்டுத்தான் வேலை செய்தேன். தோம்யாம் எனும் தாய்லாந்துப் புளிப்புச் சூப்பு வேண்டாம், அது சிவப்பு. மஞ்சள் வேண்டாம். கோழி எலும்பைக் கொதிக்க வைத்து வடிகட்டிய வெள்ளைச் சூப்பு மட்டும். அது வழிந்தாலும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஒரு சனிக்கிழமை சூப்பு காய்ச்சி, என் மோவாயில் கொஞ்சம் தடவிக்கொண்டு மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்தேன். கணவரை எதிர்முனையில் உட்கார வைத்தேன்.

"ஏதாவது தெரியுதா?"

"ஒன் மூஞ்சி தெரியுது."

"வேற?"

"பசிக்குது. அந்தச் சூப்பு குடிக்கவா, இல்ல பூசிக்கவா?"

எதுவும் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். செமினியில் இருக்கும் என் தம்பியிடமும் அவன் மனைவியிடமும், கிள்ளானில் நாத்தனாரிடமும் அவர் கணவரிடமும் சொன்னதெல்லாம் ஒன்றுதான். அவள் சாப்பிடும்போது பார்க்காதீர்கள். வாயைப் பற்றி, தாடையைப் பற்றி, விபத்தைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். ஏதாவது ஒட்டியிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். தம்பி, "சரிக்கா" என்றான். நாத்தனார், "ம்" என்றார்.

மகளிடம் ஸ்டீம்போட் என்று மட்டும் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பாக்கலாம்மா" என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று மாலை ஏழு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையோடு படிப்பு மேசையையும் ஒட்டிப்போட்டு மேலே ஒரே விரிப்பு விரித்திருந்தேன். மின்சாரச் சட்டியோடு ஏர்கோனும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும் என்று கணவர் ஏர்கோனை அணைத்துவிட்டார். சூப்பு கொதிக்கும் முன்பே எல்லோருக்கும் வியர்த்தது. எனக்கு அது நல்லதாகப் பட்டது. ஒவ்வொருவர் கைக்கும் எட்டுகிற மாதிரி திசுத்தாள் பெட்டிகள் வைத்திருந்தேன்.

"என்னக்கா, சாப்பாட்ட விட டிஷ்யூ நெறைய இருக்கு?" என்றான் தம்பி. அவன் மனைவி காலை மிதித்திருக்க வேண்டும், உடனே வாயை மூடிக்கொண்டான்.

நாத்தனார் கையில் ஒரு பெரிய டிஃபன் கேரியர். நான் பார்ப்பதைப் பார்த்து, "பெரட்டல். மதியம் மிஞ்சினது. கிறிஸ்துமஸுக்கு ஆட்டெறச்சி இல்லாம என் வீட்டுக்காரருக்குச் சோறு எறங்காது" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றார் அவர் கணவர்.

"நீங்க கேக்கமாட்டீங்க. வீட்டுக்குப் போய் மூஞ்சத் தூக்கி வச்சுக்குவீங்க."

அதை அடுப்படியில் வைக்கச் சொல்லிவிட்டு, மகளின் அறைக் கதவைத் தட்டினேன். அவள் புதுச் சட்டை போட்டிருந்தாள். கறுப்பு. எதுவும் தெரியாத நிறம். அவளும் திட்டம் போட்டிருக்கிறாள் என்று புரிந்தது. மேசையின் ஓரத்தில், சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். எதிரில் நாத்தனார்.

நாத்தனாரின் கணவர் செபம் சொன்னார். சட்டி கொதித்தது. ஆளுக்கொன்றாகப் போட ஆரம்பித்தார்கள். நான் நினைத்தபடியே ஆவி எழும்பியது, நான் நினைத்தபடியே எல்லோரும் மூக்கைத் துடைத்தார்கள். மகள் ஒரு துண்டு தாவ்ஃபூ எடுத்தாள். கிண்ணத்தில் அதை வெட்டினாள், இன்னும் சிறிதாக வெட்டினாள். இடது கையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள். உடனே துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. தம்பி கூரைவிசிறியைப் பார்த்தான். அவன் மனைவி மகளுக்குப் பக்கத்தில் இருந்த திரைச்சீலையைப் பார்த்தாள். தம்பியின் ஐந்து வயது மகள் மட்டும் மீன் உருண்டையைக் கரண்டியால் துரத்திக்கொண்டிருந்தாள். யாரும் பேசவும் இல்லை. இதைத்தான் நான் கேட்டிருந்தேன். ஆனால் கிறிஸ்துமஸ் மாதிரியே இல்லை, ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடம் மாதிரி இருந்தது.

மகள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். அவ்வளவுதான், எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அப்போது நாத்தனார் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"இது என்னம்மா, வெந்நி மாதிரி இருக்கு."

"சாஸ் இருக்குக்கா. தொட்டுக்குங்க."

"சாஸ் தொட்டாலும் வெந்நி வெந்நிதான்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் மகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் எதை எடுத்து வருகிறார் என்று கவனிக்கவில்லை. திரும்பி வந்தவர் டிஃபன் கேரியரின் மேலடுக்கைத் திறந்து, பிரட்டலை, எண்ணெயும் மசாலாவுமாக, அப்படியே சட்டிக்குள் கவிழ்த்தார். இரண்டாவது அடுக்கையும் கவிழ்த்தார். அகப்பையால் ஒரு கலக்குக் கலக்கினார்.

"அக்கா" என்றேன். நான் வடிகட்டி வடிகட்டி எடுத்த வெள்ளைச் சூப்பு சிவந்துபோயிருந்தது. மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. கீரையும் காளானும் மீன் உருண்டையும் ஆட்டிறைச்சி மசாலாவில் கொதித்தன.

"ஸ்டீம்போட்ல பெரட்டல ஊத்துறது ஒலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றார் அவர் கணவர். ஆனால் கிண்ணத்தை நீட்டினார்.

"மொதல்ல தின்னு பாத்துட்டுப் பேசுங்க."

தம்பி ஒரு வாய் வைத்தான். கண்ணை மூடினான். "அக்கா, சாரி, இது நல்லாருக்குலா" என்றான் என்னிடம். அதன்பின் எல்லோரும் பாய்ந்தார்கள். மீன் உருண்டை மசாலாவைக் குடித்துப் புடைத்திருந்தது. ஒவ்வொன்றையும் கடிக்கும்போது சிவப்பு எண்ணெய் பீறிட்டது. வெள்ளை விரிப்பில் புள்ளி புள்ளியாகக் கறை. குழந்தையின் கன்னமெல்லாம் எண்ணெய்.

நாத்தனார் எதிரில் இருந்தவர்களை மேய்க்க ஆரம்பித்தார். சமைத்துப் போட்டால் அவர் வழக்கம் அது. "இந்தாங்க, மீசையில எண்ணெ." அவர் கணவர் துடைத்தார். "தம்பி, சட்டையப் பாரு, நாளைக்கு ஒம் பொண்டாட்டி என்னத் திட்டுவா." என் தம்பி துடைத்தான். அதே குரலில், அதே வேகத்தில், "ஏய், ஒனக்கு மோவாயில" என்றார் என் மகளைப் பார்த்து.

தம்பியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. மகள் எப்போது மறுபடி கரண்டியை எடுத்தாள், எப்போது அந்தச் சிவப்புச் சூப்பைக் குடித்தாள் என்றுகூட நான் பார்க்கவில்லை. உதட்டின் ஓரத்திலிருந்து ஒரு கோடு இறங்கியிருந்தது.

"எங்க அத்த?"

"எடது பக்கம். இல்ல, இன்னும் கீழ. ஆங், அங்கதான்."

துடைத்தாள். "போச்சா?"

"போச்சு. காளான் கொழையுது பாரு, எடு."

அவள் காளானை எடுத்தாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கணவர் மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தொட்டார். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் மறுபடி, "மோவாய்" என்றார். மகள் துடைத்தாள். இப்படியே இன்னும் சில முறை. பிறகு அவளே, தலையை நிமிர்த்தாமல், "அத்த, இருக்கா?" என்று கேட்டாள். "இல்ல" என்றார் நாத்தனார், வாயில் எலும்போடு. அந்த "இல்ல"யைக் கேட்டதும் மகளின் தோள் இறங்கியது. வாயை மறைத்துக்கொண்டிருந்த இடது கை எப்போது மேசைக்கு வந்தது என்று தெரியவில்லை. அது கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு துண்டு எறச்சி போடுங்க அத்த" என்றாள்.

இதற்கு நான் பொறுக்கவில்லை. "வேணாம்மா. எலும்பு இருக்கும். ஒதட்டக் கடிச்சிட்டா ஒனக்குத் தெரியாது."

"தெரியும்மா. மெதுவாத்தான் மெல்லுவேன்."

"சின்னதா வெட்டித் தரேன்."

"அம்மா."

நாத்தனார் என்னைப் பார்க்கவே இல்லை. எலும்பில்லாத துண்டாகத் தேடி எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டார். அவள் வலது பக்கமாக வைத்து மென்றாள். நீண்ட நேரம் மென்றாள். எனக்குள் தாடைத் தகடு, திருகாணி, எக்ஸ்ரே படம் எல்லாம் ஓடின. நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு நாத்தனாரின் கணவரைப் பார்த்து, "மாமா, ஒங்க மூக்கு நுனியில காளான் ஒட்டியிருக்கு" என்றாள்.

"இவ்ளோ நேரமாவா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"பாரு, கட்டினவ சொல்லல."

"நல்லாருக்குன்னு விட்டுட்டேன்" என்றார் நாத்தனார். மேசையே சிரித்தது. மகளும் சிரித்தாள், வாய் திறந்து.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் முன்னறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது, நானும் நாத்தனாரும் பாத்திரம் கழுவினோம். சட்டியின் ஓரத்தில் எண்ணெய் பிசுக்காகப் படிந்திருந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது, எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"பாக்காதீங்கன்னு ஒங்ககிட்டச் சொல்லியிருந்தேனேக்கா" என்றேன்.

"சொன்ன. நானும் பாக்காம இருக்கலாம்னுதான் நெனச்சேன்" என்று சட்டியைத் தேய்த்தபடியே சொன்னார். "எதிர்ல பிள்ள உக்காந்திருக்கு. எப்படிமா பாக்காம இருக்கறது? அது என்ன, பேயா?" பிறகு, "இந்தச் சோப்பு நொரையே வரல. வேற வாங்கு" என்றார்.

அவர்கள் போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே மகளிடம், "நியூ இயருக்குக் கிள்ளான் வந்துரு. நண்டு வாங்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

நண்டு என்றதும் எனக்கு ஓடு, கொடுக்கு, உடைப்பது, உறிஞ்சுவது எல்லாம் கண்முன் வந்தன. மகள் சிறிது யோசித்தாள்.

"எத்தன பேரு அத்த?"

"தெரியலையே. வர்றவங்க வருவாங்க."

"நீங்க எதிர்ல உக்காருவீங்களா?"

"வேற எங்க உக்காருவேன், கூரையிலயா?"

"வரேன்" என்றாள்.

மறுநாள் காலை நான் மேசையில் உட்கார்ந்து ரொட்டிக்குக் கயா ஜாம் தடவிக்கொண்டிருந்தேன். விரிப்பை ஊறவைத்திருந்ததால் மேசை வெறும் பலகையாக இருந்தது. மகள் வந்தாள். வழக்கமாகத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போவாள். அன்று எதிரில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ரொட்டியை எடுத்துக் கடித்தாள். நான் சன்னலுக்கு வெளியே போகும் எல்ஆர்டியைப் பார்த்தேன்.

"அம்மா, அங்க பாக்காதீங்க."

"நான் ரயிலப் பாத்தேன்."

"ஏதாவது ஒட்டியிருந்தா நீங்க ஒடனே வேற எங்கயாவது பாப்பீங்க. அதுலயே எனக்குத் தெரிஞ்சிரும். ஆனா எங்க ஒட்டியிருக்குன்னு தெரியாது. அத்த மாதிரி சொல்லுங்களேன். அவ்வளவுதான் வேணும்."

அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். விபத்துக்குப் பிறகு சாப்பிடும்போது அவள் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. தாடையின் கீழே தழும்பு வெளிறிப்போயிருந்தது. சொன்னேன்.

"கயா. வலது பக்கம், ஒதட்டுக்குக் கீழ."

துடைத்தாள். "போச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

மறுபடி துடைத்தாள்.

"போச்சு" என்றேன். அவள் அடுத்த ரொட்டியை எடுத்தாள்.